தேவாலாவில் தங்கம் இருக்கிறது. அப்புறம் ஏன் சுரங்கம் இல்லை?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்தப் பகுதி ஒரு கேள்வியில் இருந்து வந்தது. கூடலூர் பக்கத்து நேயர் ஒருவர் எழுதியிருந்தார்: "எங்க ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சுரங்கம் இருக்கு. பாதியில விட்டுட்டுப் போயிட்டான். உள்ள இன்னும் தங்கம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ அரசாங்கம் ஏன் எடுக்கல? நாமளே எடுத்தா என்ன?"

நல்ல கேள்வி. கூடவே கொஞ்சம் பயமும் வரவைக்கிற கேள்வி, அந்தக் கடைசி வரியால். அதனால் முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தங்கம் இருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு கல்லில் தங்கம் இருப்பது வேறு, அங்கே சுரங்கம் நடத்த முடிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். 1880இல் லண்டனில் பங்கு வாங்கியவர்கள் விழுந்தது அந்த இடைவெளியில்தான். இன்றைக்கு ராத்திரியில் டார்ச் லைட்டோடு அந்தக் குழிக்குள் இறங்குகிறவர்கள் விழுவதும் அதே இடைவெளியில்தான்.

இடம் எது?

நீலகிரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கூடலூரைத் தாண்டி நாடுகாணி வழியாகப் போனால் தேவாலா, அதற்கு அப்பால் பந்தலூர். பழைய ஆவணங்களில் இந்தப் பகுதிக்குப் பெயர் தென்கிழக்கு வயநாடு. 1877 வரைக்கும் இது மலபார் மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். அதனால்தான் 'வயநாடு தங்கம்' என்று புத்தகத்தில் படிக்கிற சமாசாரத்தின் பெரும்பகுதி இன்றைக்குத் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது.

இங்கே தங்கம் இருப்பது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே குறும்பர்கள் ஓடை மணலை மரத் தட்டில் அலசித் தங்கம் எடுத்தார்கள். மலைச் சரிவில் பாறையையும் வெட்டிக் குழி போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு நரம்புக்கு ஆங்கிலேயர்கள் 'மண்டை ஓட்டு ரீஃப்' என்று பெயரே வைத்தார்கள். பழைய வெட்டுக்குள் மனித மண்டை ஓடுகள் கிடைத்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இந்தப் பகுதியிலிருந்து மேற்கே இறங்குகிற ஓடைகள் நிலம்பூர் பக்கம் போய்ச் சாலியாற்றில் சேர்கின்றன. அந்த ஆற்று மணலிலும் தங்கம் அலசுகிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது.

ஆற்றில் துகள் இருந்தால் மேலே எங்கேயோ பாறையில் இருக்க வேண்டும். எளிமையான தர்க்கம். தங்கம் தேடுகிற வேலை முழுக்க இந்தத் தர்க்கத்தில்தான் ஆரம்பிக்கும்.

குக்கர் விசில் மாதிரி

சரி, பாறைக்குள் தங்கம் எப்படி வந்தது?

முதலில் ஒரு வார்த்தை. வெள்ளை நிறத்தில், கண்ணாடி மாதிரி மினுங்குகிற கல், குவார்ட்ஸ், ஊர்ப் பக்கம் வெள்ளைக்கல் என்போம். அது வேறு பாறையின் பிளவுக்குள் பட்டையாக ஓடினால் பாடப்புத்தகம் அதை 'நாளம்' என்று எழுதும். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் 'ரீஃப்' என்பார்கள். நான் நரம்பு என்றே சொல்கிறேன்.

பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைகள் சூடாகி நசுங்கும்போது, கனிமங்களுக்குள் பூட்டிக் கிடந்த தண்ணீர் வெளியே வரும். முந்நூறு டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு. கூடவே கார்பன் டைஆக்சைடு, கந்தகம், கரைந்த சிலிகா. அந்தக் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சூண்டு தங்கமும் கரைந்து வரும். இந்தத் திரவத்துக்கு மேலே போக வழி வேண்டும். பெரிய நிலப்பிளவுகள்தான் அந்த வழி. நம் பகுதிக்குப் பக்கத்தில் மோயாறு வழியாக அப்படி ஒரு பெரிய வெட்டு மண்டலம் ஓடுகிறது.

இப்போ ஒரு பிரஷர் குக்கரை நினைச்சுக்கோங்க. அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் பிளவு சட்டென்று திறந்துகொள்ளும், ஒரு நிலநடுக்கத்தோடு. திரவம் சீறிக்கொண்டு மேலே பாயும். அழுத்தம் குறைந்த அந்த நொடியில் கரைந்திருந்த சிலிகா குவார்ட்ஸாகப் படிந்து பிளவை அடைத்துவிடும். தங்கமும் அதோடு படியும். மறுபடி அழுத்தம் ஏறும், மறுபடி விசில். இப்படி நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் ஒரு நரம்பு உருவாகும். நல்ல நரம்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே மெல்லிய கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு விசில்.

தங்கம் படிய இன்னொரு வழியும் உண்டு. சுற்றியிருக்கிற பாறையில் இரும்புச்சத்து அதிகம் இருந்தால், திரவத்தில் இருக்கிற கந்தகம் தங்கத்தை விட்டுவிட்டு இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகிவிடும். துணை போன பிறகு தங்கத்தால் கரைந்திருக்க முடியாது. அங்கேயே விழும். அதனால்தான் பைரைட்டைப் பார்த்துத் தங்கம் என்று ஏமாறுகிறவர்கள் ஒரு பக்கம் இருந்தாலும், புவியியல்காரர்கள் பைரைட்டைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். அது தங்கத்தின் பக்கத்து வீட்டுக்காரர்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தங்கம் நரம்பு முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது. பிளவு எங்கே அகலமாகத் திறந்ததோ, எங்கே வளைந்ததோ, எங்கே இரும்புப் பாறையைத் தொட்டதோ, அந்தந்த இடத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். நடுவில் பல மீட்டருக்கு வெறும் வெள்ளைக்கல்தான்.

மேலே மினுங்கும், கீழே ஒளியும்

கைவிட்ட சுரங்கங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு விஷயம், மேலே இருபது முப்பது மீட்டர் வரைக்கும் நன்றாக இருந்தது, கீழே போனதும் தங்கம் 'காணாமல்' போய்விட்டது என்கிற கதை. இதில் மாயம் எதுவும் கிடையாது.

தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. லட்சக்கணக்கான வருஷம் அந்த மழை நரம்புக்குள் இறங்கிப் பைரைட்டை அரித்துத் துருவாக்கிவிடும். கல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, செம்பழுப்பாக ஆகிவிடும். உள்ளே மாட்டியிருந்த தங்கம் மட்டும் துருப்பிடிக்காமல் தனித் துகளாக மிஞ்சும். அந்தக் கல்லை உரலில் போட்டு இடித்து, பாதரசத்தோடு கலந்தாலே தங்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே காற்று போகாது. அங்கே பைரைட் கெட்டியாக அப்படியே இருக்கும். தங்கம் அதற்குள்ளே பூட்டிக் கிடக்கும். பாதரசம் அதைத் தொடவே முடியாது. இடித்துக் கழுவினால் பாதிக்கு மேல் சேற்றோடு ஓடிவிடும். இதற்குத் தீர்வு சயனைடு முறை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1887இல். தேவாலாவில் தங்க வேட்டை நடந்தது 1879 முதல் 1882 வரை. ஐந்தாறு வருஷம் முந்திவிட்டார்கள்.

லண்டன் வரைக்கும் போன கல்

இந்தத் தங்கத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு ரொம்ப நாளாகவே ஆர்வம் இருந்தது. 1831இல் லெப்டினன்ட் நிக்கல்சன் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பிப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1870களில் ஆல்ஃபா என்ற கம்பெனி தேவாலா பக்கம் வேலையைத் தொடங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த வில்லியம் கிங் நேரில் வந்து பார்த்து, 1875இல் முதல் அறிக்கை எழுதினார். பின்னாளில் அந்தத் துறைக்கே இயக்குநர் ஆனவர் அவர்.

இதே சமயத்தில் அந்தப் பகுதித் தோட்டக்காரர்கள் பெரிய கஷ்டத்தில் இருந்தார்கள். காபிச் செடியை இலைத்துரு நோய் தின்றுகொண்டிருந்தது. இதே நோய்தான் இலங்கையில் காபியை அடியோடு அழித்தது. கையில் விலை போகாத தோட்டம், அந்தத் தோட்டத்துக்குள்ளே வெள்ளைக்கல் நரம்பு. என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறதா?

1879இல் இந்திய அரசு ஒரு நிபுணரை வரவழைத்தது. ராபர்ட் பிரஃப் ஸ்மித். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். அங்குள்ள தங்க வயல்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். அவருடைய வயநாட்டு அறிக்கை நம்பிக்கை பொங்கப் பொங்க இருந்தது. அது வெளிவந்த வேகத்தில் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காகிதத்தில் காட்டிய முதலீடு 40 லட்சம் பவுண்டுக்கும் மேல். செத்துக்கொண்டிருந்த காபித் தோட்டங்கள் தங்க வயல் விலைக்குக் கைமாறின. கல் இடிக்கிற பெரிய இயந்திரங்களைக் கப்பலில் கொண்டுவந்து, மாட்டு வண்டியில் மலையேற்றினார்கள். சிலதைப் பொருத்திப் பார்க்கக்கூட வாய்ப்பு வரவில்லை. கல்லை இடித்துப் பார்த்தபோது கிடைத்த தங்கம் செலவில் சிறு பகுதிக்குக்கூட வரவில்லை. சில வருஷத்திலேயே ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் மூடிவிட்டது. பிறகு அந்தச் சரிவுகளில் தேயிலை வந்தது. இன்றைக்கு நாம் பார்க்கிற பச்சை அதுதான்.

ஏமாற்று வேலை நடந்ததா? பங்குச் சந்தையில் கண்டிப்பாக நடந்தது. ஆனால் ஏமாற்றுக்காரர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் இந்தக் கல் எல்லோரையும் ஏமாற்றியிருக்கும். அது எப்படி என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

கொண்டைக்கடலை, ரவை, கடுகு

தங்கத்தை நாம் பவுனில் கணக்குப் பண்ணிப் பழகியவர்கள். ஒரு பவுன் 8 கிராம். ஒரு டன் கல்லில் ஒரு பவுன் இருக்கிற நரம்பு என்று வெச்சுக்குவோம். நிலத்தடிச் சுரங்கத்துக்கு அது நல்ல தரம்தான்.

ஒரு டன் குவார்ட்ஸ் என்றால், வீட்டு வாஷிங் மெஷினைவிடச் சற்றுப் பெரிய கல். அதில் இருக்கிற 8 கிராம் தங்கத்தை ஒன்றாக உருட்டினால் ஒரு கொண்டைக்கடலை அளவுதான் வரும். தங்கம் அவ்வளவு கனம்.

இப்போ அந்தப் பெரிய கல்லை ஆயிரம் துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு கிலோவாக உடைக்கிறோம். கொண்டைக்கடலையும் ஆயிரம் துகளாகிறது. ஒவ்வொரு துகளும் ஒரு ரவை அளவு. சராசரியாகக் கிலோவுக்கு ஒரு ரவை. ஆனால் கல் சராசரி பார்த்துப் பங்கு பிரிக்காது. பத்துத் துண்டு எடுத்தால் மூன்று நான்கில் ஒன்றுமே இருக்காது. மூன்று நான்கில் ஒரு ரவை இருக்கும். மிச்சம் இரண்டு மூன்றில் இரண்டோ மூன்றோ ரவை இருக்கும். அந்தக் கடைசித் துண்டுகளை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் டன்னுக்கு இரண்டு பவுன், மூன்று பவுன் என்று பதில் வரும். உண்மையான தரம் ஒரே பவுன்.

இன்னும் ஒரு படி போவோம். துகள் ரவை அளவில் இல்லாமல் பெரிய கடுகு அளவில் இருந்தால்? அப்போது பத்துக் கிலோவுக்கு ஒரு கடுகுதான் வரும். பத்துத் துண்டில் ஒன்பது சுத்தமாகக் காலி. ஒன்றில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற தங்கம். அந்த ஒன்றைச் சோதித்தால் டன்னுக்குப் பத்துப் பவுன்!

இப்போ சொல்லுங்க, ஒருவர் நரம்பு ஓரமாக நடந்து போகிறார். மாதிரிக்கு ஒரு கல் எடுக்கணும். எந்தக் கல்லைக் குனிந்து எடுப்பார்? மினுங்குகிற கல்லைத்தான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், கண் அங்கேதான் போகும். அந்தக் கல்லின் எண் அறிக்கைக்குள் போகும். கம்பெனி தொடங்குகிறவர் அந்த அறிக்கையிலிருந்து எந்த எண்ணை விளம்பரத்தில் போடுவார் என்று நான் சொல்லவே வேண்டாம். தங்கம் சீராகப் பரவாமல் துகள் துகளாகக் கிடப்பதால் வருகிற இந்தக் குழப்பத்துக்குச் சுரங்கத் துறையில் தனிப் பெயரே உண்டு, 'நக்கெட் விளைவு' என்று.

இதோடு அகலத்தையும் சேர்த்துப் பாருங்க. நரம்பு ஒரு முழம்தான் அகலம். ஆனால் மனிதன் உள்ளே நின்று வேலை செய்ய ஒன்றேகால் மீட்டராவது வேண்டும். மிச்சத்துக்குப் பக்கத்துக் கல்லையும் சேர்த்துத்தான் வெட்டணும். அந்தக் கல்லில் தங்கம் இல்லை. டன்னுக்கு 8 கிராமாக இருந்தது, வெளியே வரும்போது 3 கிராமுக்குக் கீழே போய்விடும். நரம்பின் தரம் வேறு, நாம் வெட்டி எடுக்கிற கல்லின் தரம் வேறு.

கோலார் மட்டும் எப்படி?

இங்கே எல்லோரும் கேட்பார்கள்: அதே காலத்தில்தான் கோலாரும் தொடங்கியது, அங்கே மட்டும் எப்படி நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது?

கோலாரிலும் முதலில் தோல்விதான். வயநாட்டு மோகத்தில் தொடங்கிய கம்பெனிகள்தான் அங்கேயும். மைசூர் கம்பெனி பணம் முழுக்கக் கரைந்து, மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. ஜான் டெய்லர் நிறுவனம் பங்குதாரர்களிடம் கடைசியாக ஒரு தடவை பேசி, மிச்சப் பணத்தோடு கேப்டன் பிளம்மரை அனுப்பியது. அவர் புதுசாக இடம் தேடவில்லை. பழங்காலத்து ஆட்கள் எங்கே ஆழமாகத் தோண்டியிருக்கிறார்கள் என்று பார்த்தார். இரும்பு உளியும் நெருப்பும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் அவ்வளவு ஆழம் போயிருக்கிறான் என்றால், கீழே ஏதோ அவனை இழுத்திருக்கணும். 1880களின் நடுவில் அந்தப் பழைய வெட்டுகளுக்கு அடியில்தான் சாம்பியன் ரீஃப் கிடைத்தது.

அந்த ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை தொடர்ந்தது. 2001இல் மூடும்வரை சுமார் 5 கோடி டன் கல்லிலிருந்து சுமார் 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள். அதாவது டன்னுக்கு ஏறக்குறைய இரண்டு பவுன், நூற்றிருபது வருஷச் சராசரி. அதற்காக அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன நம் ஆட்கள் எத்தனை பேர் நுரையீரலைக் கொடுத்தார்கள் என்பது தனியாக ஒரு பகுதி பேச வேண்டிய கதை.

தேவாலாவிலும் பழைய வெட்டுகள் உண்டு. ஆனால் பாறை வேறு. கோலாரில் இரும்பு நிறைந்த பழைய எரிமலைப் பாறைக்குள் நரம்பு தொடர்ச்சியாக ஓடுகிறது. இங்கே நைஸ் பாறைக்குள் நரம்புகள் தடித்தும் மெலிந்தும், தங்கம் திட்டுத் திட்டாகவும் இருக்கிறது. 1901இல் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹாட்சும் இந்த வயலை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். ஹாட்ச் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களைக் கரைத்துக் குடித்தவர். மினுங்குகிற கல்லை விட்டுவிட்டு, நரம்பின் குறுக்கே ஒழுங்காக மாதிரி எடுத்துப் பார்த்தால் வருகிற தரம் லாபத்துக்குப் போதாது என்பதுதான் அவர்களுடைய முடிவின் சாரம்.

சரி, இன்றைக்குப் பார்க்கணும் என்றால்?

நூற்றிருபது வருஷம் ஆகிவிட்டது, தங்கம் விலை எங்கேயோ போய்விட்டது, சயனைடு இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கங்கள் டன்னுக்கு 1 கிராமிலும் உலகத்தில் ஓடுகின்றன. அப்போ திரும்பப் பார்க்கலாமே? பார்க்கலாம். வயநாடு, நிலம்பூர்ப் பகுதியில் அரசுத் துறைகள் பின்னாளிலும் ஆய்வு செய்துதான் இருக்கின்றன. அந்த வேலை எப்படி நடக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை மலையில் இல்லை, நூலகத்தில். பழைய வரைபடம், பழைய அறிக்கை. அடுத்து, ஒவ்வொரு குழியையும் கிடைச் சுரங்கத்தையும் வரைபடத்தில் குறிக்கணும். நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கணும். வாசலில் கொட்டிக் கிடக்கிற கல் குவியலைப் பார்க்கணும். அது பழைய ஆட்கள் விட்டுப்போன நாட்குறிப்பு மாதிரி. குவியல் சின்னதாக இருந்தால் உள்ளே அதிகம் போகவில்லை. பைரைட் மினுங்குகிற கல் நிறையக் கிடந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறார்கள்.

பிறகு மாதிரி. நரம்பின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, ஒரே அகலத்தில், ஒரே ஆழத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டி, விழுகிற எல்லாவற்றையும் அள்ளணும். மினுங்கினாலும் மினுங்காவிட்டாலும். பக்கத்துப் பாறையையும் தனியாக எடுக்கணும். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக நரம்பு முழுக்க இதே வேலை. மாதிரி கனமாக இருக்கணும்; ஏன் என்று ரவைக் கணக்கிலேயே பார்த்துவிட்டோம். இதில் தேறினால்தான் துளையிட்டு ஆழத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. அதிலும் தேறினால்தான் பணக் கணக்கு. நூறு இடத்தில் தொடங்கினால் சுரங்கமாக முடிவது ஒன்றோ இரண்டோ இருந்தாலே அதிகம்.

கல் தேறினாலும் அதோடு முடியாது. இது நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி, யானை நடக்கிற காடு. இங்கே சயனைடுத் தொட்டி கட்டினால் அதன் கீழ்ப்பக்கத்தில் சாலியாறு இருக்கிறது. அரசாங்கம் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு இதுவும் சேர்ந்ததுதான் பதில்.

"நாமளே எடுத்தா என்ன?"

இப்போது அந்தக் கடைசி வரி. இதை நான் லேசாகச் சொல்லப் போவதில்லை.

தேவாலா, பந்தலூர் பக்கத்துப் பழைய சுரங்கங்களில் திருட்டுத்தனமாக இறங்கி உயிரை விட்டவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். தேயிலையில் வருமானம் போதாதவர்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கணக்கை அவர்கள் முன்னால் வைக்கணும்.

டன்னுக்கு ஒரு பவுன் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது கிலோ மூட்டையைத் தூக்கி வந்தால் அதில் கால் கிராமுக்கும் குறைவு. பாதரசத்தில் பாதிதான் வரும். ஒரு கிராமுக்கு எட்டு மூட்டை. ஒரு டன்னில் ஒரு பவுன் கிடைக்கிற இடத்தையெல்லாம் வெள்ளைக்காரனும் அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் ஏற்கெனவே தோண்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது அதைவிடக் குறைவு. ஆனால் எப்போதாவது ஒரு மூட்டையில் அந்தக் கடுகு வந்துவிடும். ஊர் முழுக்க அந்த ஒரு மூட்டையைப் பற்றித்தான் பேசும். காலியாக வந்த நூறு மூட்டையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். லண்டன்காரரை ஏமாற்றிய அதே கல், அதே கணக்கு.

உள்ளே என்ன நடக்கும்? சரிவு மட்டும் இல்லை ஆபத்து. பைரைட் துருப்பிடிக்கும்போதும், பழைய மரத் தாங்கி மக்கும்போதும் காற்றில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். மூச்சுத் திணறல், இருமல் என்று எந்த எச்சரிக்கையும் இருக்காது. கால் மடங்கும், அவ்வளவுதான். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் அதே இடத்தில் விழுவார். தண்ணீர் இறைக்க உள்ளே டீசல் பம்ப் வைத்தால் கார்பன் மோனாக்சைடு வேறு சேரும். மெழுகுவத்தி எரிந்தால் காற்று நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். கார்பன் மோனாக்சைடை மெழுகுவத்தி காட்டிக்கொடுக்காது.

வெளியே வந்த பிறகும் முடியவில்லை. பாதரசம் கலந்த உருண்டையை வீட்டு அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். பாதரச ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்த அறையில் படுத்திருக்கிற குழந்தையின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும்தான் அது போகும். கழுவிய சேறு ஓடைக்குப் போகும், மீனுக்குப் போகும். சட்டப்படியும் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். பிடிபடுவது மூட்டை தூக்குகிறவர்தான். வாங்கி விற்கிறவர் இல்லை.

அதனால் எழுதிய நண்பருக்கும், அந்தப் பக்கத்து நேயர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வேலி இல்லாமல், மூடாமல் கிடக்கிற ஷாஃப்ட் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். புதர் மூடினால் ஆடு விழும், பிள்ளை விழும். ஊராட்சியிலும் வனத்துறையிலும் எழுத்தில் கொடுங்கள், இடத்தைக் குறித்துக் கொடுங்கள். வேலி போடும் வரைக்கும் திரும்பக் கேளுங்கள். கல் பார்க்க ஆசையா, ஓடைக் கரையில் கிடக்கிற துருப்பிடித்த குவார்ட்ஸ் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். அந்தக் கோடுகளை எண்ணுங்கள். அதற்குக் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை.

அடுத்த பகுதியில் கோலார் பற்றி, குறிப்பாக அங்கே குவிந்து கிடக்கிற சயனைடு மண் மேடுகளைப் பற்றிப் பேசலாம். கேள்விகளை எழுதி அனுப்புங்க.